ஆங்கிலத்தில் ஒருமையா, பன்மையா: தமிழர் எழுத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எனக்குப் பூனை பிடிக்கும்" என்பது தமிழில் குறையேதும் இல்லாத வாக்கியம். அதையே "ஐ லைக் கேட்" என்று ஆங்கிலத்தில் எழுதினால், இலக்கணம் பிழைப்பதோடு பொருளும் மாறிவிடும். எண்ணத்தக்க ஒரு பெயர்ச்சொல் முன்னால் "எ" அல்லது "தி" இல்லாமலும், இறுதியில் பன்மை விகுதி இல்லாமலும் தனித்து நின்றால், ஆங்கிலம் பேசுவோர் அதை எண்ண முடியாத ஒரு பொருளாகவே எடுத்துக்கொள்வர். அதனால் பூனையின் இறைச்சி பிடிக்கும் என்று சொன்னதாக அவ்வாக்கியம் ஒலிக்கும். ஓர் இனத்தைப் பொதுவாகச் சொல்ல ஆங்கிலம் பெரும்பாலும் பன்மையையே நாடுகிறது. ஆகவே "ஐ லைக் கேட்ஸ்" என்பதே சரி.

இந்தத் தவறு கவனக்குறைவால் வருவதில்லை என்பதை முதலில் உணர வேண்டும். தமிழில் அஃறிணைப் பெயர்கள் "கள்" விகுதி இல்லாமலே பன்மையையும் குறிக்கும். "மாடு வந்தது" என்றால் ஒன்று. "மாடு வந்தன" என்றால் பல. பெயர் மாறவில்லை, வினைமுற்றுதான் எண்ணிக்கையைச் சொல்கிறது. நன்னூல் இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. "பத்துப் புத்தகம் வாங்கினேன்" என்பதிலும் பத்து என்ற சொல்லே போதுமானதாக இருக்கிறது. ஆங்கிலமோ, எண்ணுப்பெயர் ஏற்கெனவே சொல்லிவிட்டதைப் பெயர்ச்சொல்லிலும் மறுபடி சொல்லியாக வேண்டும் என்கிறது. எனவே "டென் புக்" என்று எழுதுபவர் தம் தாய்மொழியின் ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறார். அந்த ஒழுங்கு ஆங்கிலத்தில் செல்லாது.

இதற்கு நேர்மாறான தவறைத்தான் நான் இன்னும் அதிகமாகக் காண்கிறேன். தகவல்கள், அறிவுரைகள், கருவிகள், சான்றுகள் என்று தமிழில் தயக்கமின்றிப் பன்மையாக்குகிறோம். அதே பழக்கத்தில் "இன்ஃபர்மேஷன்ஸ்", "அட்வைசஸ்", "எக்விப்மென்ட்ஸ்", "எவிடென்சஸ்" என்று எழுதிவிடுகிறோம். இவற்றையும் ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க் ஆகியவற்றையும் பொது வழக்கில் ஆங்கிலம் தண்ணீரைப் போலவும் மணலைப் போலவும் ஒரு திரளாகவே பார்க்கிறது. நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ண முடியாது. ஒன்று என்று சொல்லியே ஆக வேண்டுமானால் "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்" என்று ஓர் அளவுச் சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டும். நியூஸ் என்ற சொல் பன்மை போல முடிந்தாலும் ஒருமை வினையையே ஏற்கும். போலீஸ் என்பது ஒருமை போலத் தோன்றினாலும் "தி போலீஸ் ஆர்" என்றே வரும்.

சில சொற்கள் இரண்டு பக்கமும் நிற்கும், அங்கேதான் நிதானம் தேவை. வேலைக்கான விண்ணப்பத்தில் ஒருவர் "ஐ ஹேவ் மெனி எக்ஸ்பீரியன்சஸ் இன் டீச்சிங்" என்று எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்ல நினைத்தது, பல ஆண்டுகள் கற்பித்ததால் வந்த தேர்ச்சி. வாசிப்பவருக்குக் கிடைப்பதோ, வகுப்பறையில் அவருக்கு நேர்ந்த பல நிகழ்ச்சிகள். தேர்ச்சி என்ற பொருளில் அச்சொல் எண்ணப்படாது. "எ லாட் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்" என்றே வர வேண்டும். அதுபோல் பேப்பர் என்றால் தாள் என்னும் பொருள். பேப்பர்ஸ் என்றால் ஆவணங்களோ ஆய்வுக் கட்டுரைகளோ செய்தித்தாள்களோ ஆகலாம். ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகள் எண்ணத்தக்கதைச் "சி" என்றும் எண்ணப்படாததை "யு" என்றும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே குறிக்கின்றன. சொல்லின் பொருளைப் பார்த்துவிட்டு அந்த எழுத்தைப் பார்க்காமல் அகராதியை மூடிவிடுவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

"ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்ற பிழையைத் தமிழைக் கொண்டே திருத்திக்கொள்ளலாம். "என் நண்பர் ஒருவர்" என்ற தொடரை மனத்தில் வைத்து எழுதுவதால்தான் அது பிறக்கிறது. "என் நண்பர்களில் ஒருவர்" என்று நினைத்துப் பாருங்கள். பன்மை தானாக வந்து உட்காரும். வினை மட்டும் அந்த ஒருவரைச் சார்ந்து ஒருமையாகவே இருக்கும்: "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர்." எவ்ரி, ஈச் ஆகிய இரண்டின் பின்னும் நேராக வரும் பெயர் ஒருமை, "ஒவ்வொரு மாணவரும்" என்று நாம் சொல்வதும் அப்படித்தான்.

பலர் ஒரே செயலைச் செய்யும்போது தமிழ் நமக்கு உதவாது. "மாணவர்கள் கையை உயர்த்தினார்கள்" என்பதில் கை ஒருமையாக இருப்பதை யாரும் உறுத்தலாக உணர்வதில்லை. ஆங்கிலத்திலோ ஆளுக்கு ஒரு கை என்றாலும் மொத்தத்தில் கைகள் பல என்பதால் "தி ஸ்டூடன்ட்ஸ் ரெய்ஸ்ட் தேர் ஹேண்ட்ஸ்" என்பதே இயல்பு. "உயிரிழந்தனர்" என்பதும் "லாஸ்ட் தேர் லைவ்ஸ்" என்றே ஆகும்.

விதிகளை ஓரளவு கற்றவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது: தேவையில்லாத இடத்திலும் பன்மையைச் சேர்ப்பது. "ஹி இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்" என்பது சரி. ஆனால் அதே வயது ஒரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது "எ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்" என்று ஒருமையாகிவிடும். இரண்டு மணி நேரக் கூட்டமும் "எ டூ-ஹவர் மீட்டிங்" என்றே வரும். இருநூறு பேர் என்பது "டூ ஹன்ட்ரட் பீப்பிள்". எண் திட்டமாகச் சொல்லப்படாமல் நூற்றுக்கணக்கானோர் என்னும்போதுதான் அது "ஹன்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள்" ஆகிறது.