பைபிள் வாசிப்பு பாதியில் நின்றுவிட்டதா?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் அச்சிட்ட அட்டை) வாங்கிய சூட்டோடு, இந்த வருஷம் முழு பைபிளையும் வாசித்துவிடுவது என்று ஆரம்பிப்போம். ஆதியாகமம் கதையாக ஓடிவிடும், யாத்திராகமமும் பாதிவரை பரவாயில்லை, அப்புறம் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகளும் லேவியராகமத்துப் பலிகளும் வந்ததும் ஒரு நாள் விட்டுப்போகும், மூன்று நாள் விட்டுப்போகும், பிறகு பைபிளைத் தொடவே கூச்சமாக இருக்கும். எனக்கு நாலு வருஷம் இப்படித்தான் போனது.

விட்ட நாட்களைக் கடன் மாதிரி அடைக்கப் பார்க்காதீர்கள். மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரே வருஷத்தில் முடிக்க தினமும் மூன்று, நான்கு வாசிக்க வேண்டும், ஒன்று வீதம் போனால் மூன்றேகால் வருஷம். ஆகட்டுமே, யார் துரத்துகிறார்கள்?

அலைச்சலான நாட்களுக்கு நீதிமொழிகள் இருக்கிறது. அதில் 31 அதிகாரங்கள், அதனால் தேதியைப் பார்த்துத் திறந்தால் போதும்: இன்று 14 என்றால் 14ஆம் அதிகாரம், நேற்று விட்டது நேற்றோடு சரி. அதற்கும் தெம்பில்லையா? சங்கீதம் 117ஐ எடுங்கள், இரண்டே வசனம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவுக்காகக் காத்திருந்த வாரம் முழுக்க எனக்கு அது ஒன்றுதான் ஓடியது, பைபிளின் ரிப்பன் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் கிடக்கிறது.