300 ரூபாய் பிரஷ், 200 ரூபாய் பிளஷ்: முதல் முறை வாங்குபவர்களுக்கு

பன்னிரண்டு பிரஷ் அடங்கிய செட் 300 ரூபாய் என்று எங்காவது பார்த்தால் அப்படியே நகர்ந்துவிடுங்கள். அதில் முக்கால்வாசி கண் மேக்கப்புக்கானது. கன்னத்துக்கு உதவுவது ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதே காசுக்கு பிளஷ், அதாவது கன்னத்தில் பூசும் நிறம், போட உருப்படியான பிரஷ் ஒன்று தனியாகவே கிடைக்கும். விலை குறைந்த பொருளில் தரம் பார்க்கும் வேலை பாதி நம் தலையில்தான் விழும். அதனால் முகத்தில் படுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன.

பிரஷ் வாங்கும்போது

கடையில் என்றால் தொட்டுப் பாருங்கள். முடியைக் கன்னத்தில் அழுத்தினால் குத்தக் கூடாது. இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள், கொத்தாக வந்தால் வேண்டாம். முடியையும் கைப்பிடியையும் பிடித்திருக்கும் உலோக வளையத்தை லேசாகத் திருகுங்கள். ஆடினால் இரண்டு கழுவலில் தனியே வந்துவிடும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது சிந்தெட்டிக் முடி உள்ள பிரஷ். பவுடர், க்ரீம் இரண்டுக்கும் ஆகும், கழுவினால் சீக்கிரம் காயும். முடி அடர்த்தியாக இல்லாமல் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். இப்போது வரும் மலிவு விலை பிளஷ்களில் பலவற்றுக்கு நிறம் பலமாகவே இருக்கிறது. அடர்த்தியான பிரஷ்ஷில் எடுத்தால் ஒரே இடத்தில் திட்டாக உட்கார்ந்துவிடும். க்ரீம் பிளஷ் மட்டும்தான் போடப் போகிறீர்களா? பிரஷ்ஷே வேண்டாம், மோதிர விரல் போதும்.

முதலில் கழுவுங்கள்

புது பிரஷ்ஷில் தூசி, உதிரி முடி, சில சமயம் சாயம் எல்லாம் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் முடிப் பகுதியை மட்டும் கீழ்நோக்கிப் பிடித்து நனையுங்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ விட்டு அதில் வட்டமாகத் தேயுங்கள். நுரை போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். உலோக வளையத்துக்குள் தண்ணீர் இறங்க விடாதீர்கள், உள்ளே இருக்கும் பசை இளகிவிடும்.

துண்டில் ஒற்றி, வடிவத்தைச் சரிசெய்து, மேசை விளிம்பில் முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வையுங்கள். டம்ளரில் நிற்க வைத்தால் ஈரம் வளையத்துக்குள்தான் போகும். ஃபேன் காற்று போதும், ஹேர் டிரையர் வேண்டாம். முதல் கழுவலில் நாலைந்து முடி உதிர்வது சகஜம். மூன்றாவது கழுவலிலும் உதிர்ந்தால் அந்த பிரஷ் தேறாது.

பிளஷ்: நிறமும் லேபிளும்

மாநிறம், கருநிறம் உள்ளவர்கள் அதிகம் ஏமாறுவது டப்பாவில் அழகாகத் தெரியும் வெளிர் ரோஸ் நிறத்தில்தான். அந்த நிறங்களில் வெண்மைக்காக டைட்டானியம் டை ஆக்சைடு நிறையச் சேர்த்திருப்பார்கள். லேபிளில் அது சி.ஐ. (CI, நிறங்களுக்கான குறியீட்டு எண்) 77891 என்று இருக்கும். நம் தோலில் அது சாம்பல் பூசியது போல வெளுத்துத் தெரியும். செங்கல் சிவப்பு, பவளம், அடர் ரோஸ், நாவல்பழ நிறம் இவற்றில் ஒன்றை எடுங்கள். டப்பாவில் பார்க்க மிரட்டும், கன்னத்தில் இயல்பாக இருக்கும். நிறத்தைக் கையில் மட்டும் தீட்டிப் பார்த்து முடிவு செய்யாமல், வெளிச்சத்தில் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்தும் பாருங்கள். கடையில் இருக்கும் டெஸ்டரை முகத்தில் வைக்காதீர்கள், எத்தனை பேர் விரல் பட்டதோ.

லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், உரிம எண், காலாவதி தேதி பாருங்கள். இறக்குமதிப் பொருளென்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இவை எதுவுமே இல்லாத டப்பா எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சைவம் பார்ப்பவர்கள் சி.ஐ. 75470 இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கார்மைன் எனும் அந்தச் சிவப்பு ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுப்பது.

வாங்கி வந்ததும் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விடுங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

போடும் முறை

முகம் கழுவி, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் போட்டு அது காயும்வரை பொறுங்கள். ஈரத்தின் மேல் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டும். ஜன்னல் பக்கம் உட்காருங்கள். மங்கலான விளக்கில் போட்டால் போதாத மாதிரியே தெரியும், போட்டுக்கொண்டே இருப்போம்.

பிரஷ் நுனியால் பிளஷை ஒரே ஒரு முறை தொடுங்கள். டப்பா விளிம்பில் தட்டி உதறுங்கள். அப்புறம் புறங்கையில் ஒருமுறை ஒற்றிவிட்டுத்தான் கன்னத்துக்கு. கண்ணின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே, கன்ன எலும்பின் மேல் வைத்து, காதின் மேல்பக்கம் நோக்கி இழுங்கள். மூக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளியே இருக்கட்டும், மூக்கு நுனிக்குக் கீழே இறங்க வேண்டாம். சிரித்துக்கொண்டே கன்ன மேட்டில் போடச் சொல்வார்கள். சிரிப்பு நின்றதும் அது கீழே இறங்கிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பின்னால் தள்ளி நின்று பாருங்கள். "காய்ச்சலா?" என்று வீட்டில் யாராவது கேட்டால் அதிகம் என்று அர்த்தம். துணியால் துடைக்காதீர்கள், கோடு விழும். சுத்தமான பிரஷ்ஷில் துளி முகப் பவுடர் எடுத்து மேலே வட்டமாகத் தேய்த்தால் அடங்கும்.

க்ரீம், திரவ பிளஷ் எல்லாம் பவுடருக்கு முன்பு. பவுடர் போட்ட பிறகு க்ரீம் வைத்தால் அடியில் இருப்பதும் கிளம்பிவிடும். அதிகம் வியர்ப்பவர்கள் க்ரீமை மெல்லிசாக ஒற்றி, மேலே அதே சாயலில் பவுடர் பிளஷை லேசாக வைத்தால் கூடுதல் நேரம் நிற்கும்.

பிறகு

பவுடருக்கான பிரஷ்ஷை வாரம் ஒருமுறை கழுவினால் சரி, க்ரீம் பிரஷ்ஷுக்கு அதைவிட அடிக்கடி. டப்பாவின் பின்னால் திறந்த ஜாடி படத்தில் 12எம் என்று இருந்தால் திறந்ததிலிருந்து 12 மாதம். பேனாவால் திறந்த தேதியை எழுதி வையுங்கள். க்ரீமில் வாடை மாறினால் அதுவரை காத்திருக்க வேண்டாம். பவுடரின் மேல் பளபளவென்று கெட்டியாக ஒரு படலம் படிந்து நிறமே வரவில்லையென்றால் அது கெட்டுப்போகவில்லை, பிரஷ் வழியாக வந்த முக எண்ணெய்தான். செல்லோ டேப்பை ஒட்டி மெதுவாக எடுங்கள், அடியில் புதுப் பவுடர் இருக்கும்.