நாலு வரி மெயிலுக்கு அரை மணி நேரமா?

எழுத ஐந்து நிமிடம், திரும்பத் திரும்பப் படிக்க இருபத்தைந்து நிமிடம், அனுப்பிய பிறகும் மனசு கேட்காமல் அதைத் திறந்து இன்னொரு தடவை பார்ப்பது. எனக்குப் பல வருஷம் இப்படித்தான் போனது. உங்களுக்கும் இப்படி என்றால், முதலில் உங்களைத் திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள்.

தவறு செய்த கணத்தில், சுமார் 100 மில்லி செகண்டுக்குள், மூளையில் ஒரு மின் அலை எழும். இஇஜி, அதாவது தலையில் மின்முனை வைத்து மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனையில், அது தெளிவாகத் தெரியும். எல்லோருக்கும் எழுவதுதான், பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் பெரிதாக எழுகிறது. சிக்கல் அதற்கு அப்புறம்தான். மறுபடி சரிபார்த்ததும் ஒரு நிம்மதி வருகிறதே, அதைப் பார்த்து மூளை, 'சரிபார்த்ததால்தான் தப்பித்தோம்' என்று கற்றுக்கொள்கிறது; அடுத்த முறை இன்னும் இரண்டு தடவை பார்க்கச் சொல்கிறது.

இதை உடைக்க ஒரு நோட்டு போதும். அனுப்பும் முன் உங்கள் பயத்தை அப்படியே எழுதுங்கள்: 'இதில் ஒரு பிழை இருந்தால் மேனேஜர் இனி என்னிடம் வேலையே தரமாட்டார்.' எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்றும் பக்கத்தில் போடுங்கள். ஒரே ஒரு தடவை படித்துவிட்டு அனுப்புங்கள். அப்புறம் திறந்து பார்க்கக் கூடாது, தோழியிடம் 'சரியா இருக்கா?' என்று கேட்கவும் கூடாது, அதுவும் சரிபார்ப்புதான். கை பரபரக்கும், நெஞ்சு படபடக்கும். அந்தப் பதற்றம் ஏறி, கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கும். மறுநாள், உண்மையில் என்ன நடந்தது என்று அந்த வரிக்குக் கீழே எழுதுங்கள். மருந்து அளவு, சம்பளக் கணக்கு மாதிரி விஷயங்களில் இதைச் செய்ய வேண்டாம், அங்கே சரிபார்க்கத்தான் வேண்டும். சாதாரண மெயில், வாட்ஸ்அப் செய்தி, இங்கே ஆரம்பியுங்கள்.

நோட்டில் 'அவர் என்ன நினைப்பார்', 'வீட்டில் என்ன சொல்வார்கள்' என்றே திரும்பத் திரும்ப வருகிறதா? நான் சொல்வேன், அதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வில், 'நான் குறையே இல்லாமல் இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள்' என்ற எண்ணம் 1989-க்கும் 2016-க்கும் இடையில் 33 சதவீதம் கூடியிருந்தது. எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற மனப்போக்கில், மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்புள்ள வகை இது.

தூக்கமே போய்விட்டது, எதையும் முடிக்க முடியவில்லை, வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது என்றால் நோட்டோடு நிறுத்தாதீர்கள். இந்தியாவில் 14416-க்குக் கூப்பிடுங்கள்; அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.