வீட்டின் பேரில் கடன் வாங்கலாமா? கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

வீட்டுக்கடனில் பாதிக்கு மேல் கட்டியாயிற்று, வீட்டின் விலையும் ஏறியிருக்கிறது, அந்த நேரம் பார்த்து வங்கியிலிருந்து ஒரு அழைப்பு வரும். உங்கள் வீட்டின் பேரில் இன்னும் இவ்வளவு தரலாம், வட்டியும் குறைவு என்பார்கள். எவ்வளவு கிடைக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. நீங்கள் போட வேண்டிய கணக்கு வேறு.

முதலில் வீட்டில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். இன்றைக்கு விற்றால் கிடைக்கும் விலையில் கடன் பாக்கியைக் கழித்தால் மிச்சம் எதுவோ அதுதான். விலை 80 லட்சம், பாக்கி 30 லட்சம் என்றால் உங்கள் பங்கு 50 லட்சம். அந்த ஐம்பதும் கைக்கு வராது. பழையதும் புதியதும் சேர்ந்து வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கும். அது 70 சதவீதம் என்றால் 56 லட்சம், அதில் பழைய பாக்கி போக 26 லட்சம்தான் மிஞ்சும். அதையும் முழுசாக எடுக்காதீர்கள். அமெரிக்காவில் 2006க்கும் 2012க்கும் இடையே வீட்டு விலை சராசரியாகக் கால் பங்கு அளவுக்கு விழுந்தது, விளிம்பு வரை கடன் வாங்கியிருந்தவர்களில் பலருக்கு வீட்டை விற்றாலும் கடன் அடையாது என்ற நிலை வந்துவிட்டது.

அடுத்து, பணம் எதற்கு? ஒழுகும் கூரையை மாற்ற, கட்டாயமான மருத்துவச் செலவுக்கு, பல வருடம் பலன் தரும் படிப்புக்கு என்றால் யோசிக்கலாம். சுற்றுலா, கல்யாண ஆடம்பரம், புது கார் என்றால் வேண்டாம் என்பேன். வாங்கிய பொருள் தேய்ந்துபோன பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். பங்குச் சந்தையில் போடலாம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக வேண்டாம், சந்தை விழுந்தால் போவது போட்ட பணத்தோடு நிற்காது.

இப்போது பலரும் சறுக்கும் இடத்துக்கு வருவோம். வட்டி குறைவு என்றால் செலவும் குறைவு என்று நினைத்துவிடுகிறோம், காலத்தைப் பார்ப்பதில்லை. உங்களுக்கு 3 லட்சம் தேவை என்று வையுங்கள். தனிநபர் கடனாக 16 சதவீத வட்டியில் 3 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 10,550, மொத்த வட்டி 80 ஆயிரத்தை ஒட்டி வரும். அதே 3 லட்சத்தை வீட்டின் பேரில் 10 சதவீதத்தில் 15 வருடத்துக்கு வாங்கினால் தவணை 3,225 அளவில்தான் இருக்கும், மனசுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது பாருங்கள், ஆனால் கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 2 லட்சத்து 80 ஆயிரம் ஆகியிருக்கும். வட்டி விகிதம் குறைவு, கட்டிய வட்டியோ மூன்றரை மடங்கு. அதனால் வீட்டின் பேரில்தான் வாங்குவது என்று முடிவெடுத்தாலும் உங்களால் தாங்க முடிந்த மிகக் குறுகிய காலத்தைக் கேளுங்கள்.

கிரெடிட் கார்டு பாக்கியை இப்படி அடைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கணக்குப்படி லாபம்தான், கார்டு வட்டி அவ்வளவு அதிகம். ஆனால் கார்டுக் கடனுக்குப் பின்னால் எந்தச் சொத்தும் ஈடாக இல்லை, அதை நீங்களே உங்கள் வீட்டின் தலையில் ஏற்றி வைக்கிறீர்கள். கார்டை மூடிவிட்டு, மாதச் செலவு வரவுக்குள் அடங்குகிறது என்று நாலைந்து மாதம் பார்த்த பிறகு செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் கார்டிலும் பாக்கி, வீட்டின் மேலும் கடன் என்று நிற்க வேண்டியிருக்கும்.

சரி, எல்லாம் பொருந்தி வருகிறது என்றால் ஒரு சோதனை. பழைய தவணையோடு புதிய தவணையையும் சேர்த்து, வீட்டில் ஒருவருடைய சம்பளம் ஆறு மாதம் நின்றால் எதிலிருந்து கட்டுவீர்கள் என்று எழுதிப் பாருங்கள். மாறும் வட்டியா, நிலையான வட்டியா என்றும் கேளுங்கள். 10 லட்சம், 15 வருடம் என்றால் 10 சதவீதத்தில் சுமார் 10,750 தவணை. அதுவே 12 சதவீதமானால் 12,000. இந்த ஏற்றம் தாங்காது என்றால் தொகையைக் குறையுங்கள், அல்லது வாங்காதீர்கள்.

வேண்டும்போது எடுத்து, வேண்டும்போது கட்டும் வசதியும் சில இடங்களில் உண்டு. எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி என்பதால், பகுதி பகுதியாக நடக்கும் கட்டட வேலைக்கு அது பொருத்தம். ஆனால் ஆரம்ப வருடங்களில் வட்டி மட்டும் கட்டும் ஏற்பாடு என்றால் அசல் அப்படியே இருக்கும், பிறகு தவணை திடீரென்று ஏறும். அதை அவசரகாலச் சேமிப்பாகவும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2008 நிதி நெருக்கடியின்போது பல வங்கிகள் இப்படி எடுக்கக்கூடிய தொகையின் வரம்பைக் குறைத்தன, சிலருக்கு முடக்கியே விட்டன.

மதிப்பீட்டுக் கட்டணம், செயலாக்கக் கட்டணம், பதிவுச் செலவு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள், குறைந்தது மூன்று இடத்திலாவது விசாரித்து ஒப்பிடுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் கணவன் அல்லது மனைவியிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இடிந்தால் எல்லார் தலையிலும் விழும் கூரை இது.

அப்புறம், கடைசித் தவணை கட்டிய அன்றே வேலை முடிந்துவிடாது. கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை வாங்குங்கள், கொடுத்து வைத்த மூலப் பத்திரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திரும்பப் பெறுங்கள், பதிவேட்டில் வீட்டின் மேல் இருக்கும் அடமானக் குறிப்பு நீக்கப்பட்டதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.