சோதனைக் குழாயில் ஒளிர்ந்த உணர்வி செல்லுக்குள் ஏன் மங்குகிறது?

குறிப்பிட்ட ஆர்என்ஏ இருப்பதை ஒளியால் காட்டி, புற்றுநோய்ச் செல்லைக் காட்டிக்கொடுக்கும் ஆர்என்ஏ உணர்வியை வடிவமைக்க இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது, மரபணுக்களின் செயலை அடக்கும் குட்டி ஆர்என்ஏக்களுள் ஒன்றான மைக்ரோஆர்என்ஏ-21இல்தான். பலவகைக் கட்டிகளில் அது கூடுகிறது, உண்மைதான். அழற்சி கண்ட திசுவிலும் கூடுகிறதே! ஒற்றைக் குறிப்பானை நம்பியிருப்பது ஆபத்து. 2011இல் ஹீலா எனும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களை இனங்காண உருவாக்கிய மரபணுச் சுற்று, சில மைக்ரோஆர்என்ஏக்கள் மிகுந்தும் வேறு சில குறைந்தும் இருந்தால் மட்டுமே செயல்பட்டது.

இதைவிடப் பெரிய சறுக்கல், பாக்டீரியாவில் வென்ற வடிவத்தை அப்படியே மனிதச் செல்லுக்குக் கொண்டுவருவது. இலக்கு ஆர்என்ஏ வந்து ஒட்டினால் மட்டும் புரத உற்பத்தியைத் திறக்கும் வடிவம்தான் 2014இல் வெளியான டோஹோல்ட் சுவிட்ச். அது, புரதம் கட்டும் ரைபோசோம் அமரும் இடத்தையும் புரதம் தொடங்கும் இடத்தைச் சொல்லும் தொடக்கக் குறியனையும் ஒரு கொண்டைஊசி மடிப்புக்குள் பூட்டிவைக்கிறது. மனிதச் செல்லிலோ ரைபோசோம் பொதுவாக ஆர்என்ஏவின் 5' முனைத் தொப்பியில் ஏறி, வழியிலுள்ள மடிப்புகளைப் பிரித்தபடி நகர்ந்து வருகிறது. அதனால் அந்தப் பூட்டை அங்கே அப்படியே நம்ப முடியாது. போதாக்குறைக்கு, இலக்கான மைக்ரோஆர்என்ஏ தனியாகத் திரிவதில்லை. ஆர்கோநாட் புரதத்தின் பிடியில் இருந்துகொண்டு, விதைப்பகுதி எனப்படும் 2 முதல் 8 வரையான காரங்களை (ஆர்என்ஏவின் எழுத்துகளை)த்தான் முதலில் வெளியே நீட்டுகிறது. கணினி வரைந்து தரும் மடிப்புப் படத்தில் இந்தப் புரதம் தெரியாது. எனவே அதை எதிர்த்து நிற்காமல், அதனிடமே வேலை வாங்குவது நல்லது: ஒளிர்புரதத்தின் தூதுஆர்என்ஏவில் இலக்குக்கு முழுமையாகப் பொருந்தும் வரிசையை வைத்தால், ஆர்கோநாட்டே அந்தத் தூதுஆர்என்ஏவை வெட்டிவிடும்.

அப்படிச் செய்தால் ஒளி மங்குவதுதான் சமிக்ஞை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உணர்வியைச் சுமந்துசெல்லும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட் குறைவாக நுழைந்த செல்லும் மங்கலாகவே தெரியும். இரட்டை இழை ஆர்என்ஏ சுமார் 30 காரஇணைகளைத் தாண்டினால் பிகேஆர் என்ற நொதி விழித்துக்கொண்டு, செல்லின் புரத உற்பத்தியையே ஒடுக்கிவிடக்கூடும். உணர்வியை அளவுக்கு மீறிக் கொட்டினாலும் சிக்கல்தான். அது இலக்கைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளும், கணக்கு குழம்பும்.

உப்பை மறப்பவர்களும் உண்டு. சோதனைக் குழாயில் 10 மில்லிமோலார் மெக்னீசியத்தில் உறுதியாக மடிந்து நின்ற ஆர்என்ஏ, ஏறக்குறைய 1 மில்லிமோலாரோ அதற்கும் குறைவோ கட்டற்ற மெக்னீசியம் உள்ள செல்லுக்குள் தளர்ந்துபோகலாம்.

ஒப்பீட்டுக்கு, இலக்கு தொடாத இரண்டாவது நிற ஒளிர்புரதத்தை அதே பிளாஸ்மிட்டில் வையுங்கள். விதைப்பகுதிக்கு எதிரான காரங்களை மாற்றிய உணர்வி ஒன்றையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். அதுவும் அதே அளவு மங்கினால், காரணத்தை இலக்கில் தேட வேண்டாம்.