மலையூரில் கைப்பந்துக் குழு நடத்துவோர்க்கு

நீலகிரியில் கைப்பந்துக் குழு தொடங்குவோர் முதலில் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் மழை வலுப்பதால், ஊரழைத்து நடத்தும் நட்பாட்டங்களை ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில் வைத்துக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வோரும் வர வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையே பொருத்தம். மாலையில் மூடுபனி இறங்கினால் பந்தே தெரியாது என்பதால் முற்பகலில் தொடங்குங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று பந்தின் காற்று. மேட்டுப்பாளையத்தில் காற்றடித்து மேலே கொண்டுவந்த பந்து, மலையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதால் விறைத்துப்போய், புதிதாக ஆட வருவோரின் முன்கைகளைச் சிவக்க வைத்துவிடும். ஆகவே ஆடுகளத்தில் அளவுமானியால் பார்த்து, சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரை என்ற விதிப்படியான அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலத்துக்குச் சமதளம் கிடைப்பதே இங்கு அரிது. கிடைத்தாலும், சரிவுப் பக்கம் பழைய மீன்வலையையாவது கட்டாவிட்டால் ஆட்டத்தில் பாதி நேரம் தேயிலைச் செடிகளுக்குள் பந்து தேடுவதிலேயே கழியும்.

ஆள் சேர்க்கப் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் ஒட்டும் ஒரு தாள் போதும். அதில் ‘ஆடத் தெரியாதவர்களும் வரலாம்’ என்ற வரியைப் பெரிதாக எழுதுங்கள்.