ஒரே மலையில் இரண்டு நாள்: எந்தத் தடத்தை எப்போது நடப்பது

வார இறுதியின் இரண்டு நாள்களையும் ஒரே மலைக்கு ஒதுக்கிப் பல தடங்களில் நடக்க விரும்புவோர், பெரும்பாலும் வரைபடத்தை விரித்து எல்லாவற்றிலும் அழகான தடத்தை இரண்டாம் நாளுக்கென்று எடுத்து வைக்கிறார்கள். அது தவறான வரிசை என்பது என் கருத்து. உச்சிக்குச் செல்லும் நீண்ட தடத்தை முதல் நாளே முடித்துவிட வேண்டும். இரண்டாம் நாளின் தடத்தை முழங்கால்தான் முடிவு செய்யும்.

இதற்குக் காரணம் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் இருக்கிறது. ஏறும்போது மூச்சு வாங்கினாலும் சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறங்கும்போதோ, தொடையின் முன்புறத் தசைகள் நீண்டபடியே உடல் எடையைத் தாங்கி ஒவ்வோர் அடியிலும் வேகத்தைத் தடுக்க வேண்டியிருப்பதால், அவற்றின் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அந்த வலி உடனே தெரியாது. பொதுவாக 24 மணி நேரத்துக்குப் பிறகே உச்சத்தை நோக்கிச் செல்லும் என்பதால், மறுநாள் காலையில் கால்கள் நன்றாக இருப்பதாக நம்பிச் செங்குத்தான தடத்தில் ஏறியவர், பிற்பகலில் இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் தடுமாற நேரிடும். ஆகவே இரண்டு தடங்கள் உச்சியில் சந்திக்குமானால், செங்குத்தான தடத்தில் ஏறிச் சாய்வு குறைந்த தடத்தில் இறங்குவது நல்லது. இரண்டும் வெவ்வேறு அடிவாரங்களில் முடிந்தால், திரும்பி வருவதற்கான வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

தடத்தின் நீளத்தை மட்டும் பார்த்து நேரத்தைக் கணக்கிடக் கூடாது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவுக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். 12 கி.மீ. நீளமும் 900 மீட்டர் ஏற்றமும் கொண்ட தடத்துக்கு இதன்படி நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஓய்வு, உணவு, ஒளிப்படம் எதுவும் இதில் அடங்காது. பழக்கமில்லாதவர்கள் பாதி நேரத்தை மேலும் கூட்டி ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடம் செங்குத்து, விலகிக் கிடக்கும் இடம் மென்சாய்வு. தடம் அந்தக் கோடுகளை நேர்குத்தாக வெட்டிச் செல்கிறதா, அவற்றை ஒட்டி வளைந்து செல்கிறதா என்பதைப் பார்த்தாலே அந்த நாள் எப்படி இருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும்.

முதல் நாள் விடியலிலேயே புறப்பட்டு, உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் திரும்பியே தீர வேண்டிய நேரத்தை அடிவாரத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். வெப்பமான பருவங்களில் மலைகளின் மேல் இடிமேகங்கள் பெரும்பாலும் பிற்பகலில்தான் திரள்கின்றன. அதற்குள் திறந்த முகட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். கீழே வியர்த்தாலும், காற்றையும் மழையையும் தடுக்கும் மேலாடை பையில் இருக்கட்டும்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவது மிகுந்த பயன் தரும். குதிகாலைக் காலணியின் பின்புறத்தோடு நன்றாக அழுத்தி வைத்து, கணுக்கால் மடியும் இடத்தில் கயிற்றை இறுக்கினால் பாதம் முன்னே வழுக்காது, விரல் நகங்கள் காலணியின் முனையில் இடிபடாது. தோலில் ஓரிடம் சூடாக உரசுவது போலத் தோன்றியவுடனேயே அங்கு ஒட்டுநாடாவை ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் எழுந்துவிட்டால் மறுநாள் நடை வீண். ஊன்றுகோல்களை இறக்கத்தில் சற்று நீட்டி வைத்துக்கொண்டால் முழங்காலின் சுமை குறையும்.

இரண்டாம் நாளுக்கு மலையின் மறுபக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஒரே மலையில் தங்குவதன் சுவை இருக்கிறது. கிழக்குச் சரிவில் காலை வெயில் நேரே விழும்போது மேற்குச் சரிவு இன்னும் நிழலில் ஈரமாக இருக்கும். மண்ணும் மரங்களும்கூட வேறாக இருக்கலாம். உச்சியைத் தொடாமல் மலையின் நடுவுயரத்தில் அதைச் சுற்றிவரும் தடமோ ஓடையோரத் தடமோ களைத்த கால்களுக்கு ஏற்றது. மேலே மழை பெய்தால் ஓடை திடீரெனப் பெருகும் என்பதால், அதைக் கடந்து செல்லும் தடத்தை ஐயமான வானிலையில் தவிர்த்துவிடலாம். எப்படியும் குறுகிய மாற்றுத்தடம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்; காலையில் படிக்கட்டில் இறங்கும்போதே கால் வலித்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு நாளும் எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை அடிவாரத்தில் அல்லது வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். தடத்தை மாற்றினால் அதையும் தெரிவிக்க வேண்டும்; இல்லாவிட்டால் தேடுவோர் மலையின் தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.